ஜான் கிளெம்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் முரசுச் சிறுவன்

ஜான் லிங்கன் கிளெம் (ஆகஸ்ட் 13, 1851 – மே 13, 1937) அமெரிக்க உள்நாட்டுப் போரில் முரசடிக்கும் சிறுவனாகப் படையின் பின்னே சென்றவர். 11 வயதில் முறைப்படி படைவீரராகப் பதிவு செய்யப்பட்டார். 12 வயதில் சார்ஜன்ட் ஆனார். 64 வயதில் பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். சிறுவர் நூல்களிலும் திரைப்படத்திலும் ‘ஜானி ஷைலோ’ என்ற பெயரில் அவர் புகழ் பெற்றிருக்கிறார். ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி, சொல்லப்படும் விதத்தில் நடந்திருக்க முடியாது என்பதைப் படைப் பதிவேடுகளே காட்டுகின்றன. அவர் வாழ்வில் நடந்தவை எவை, பிறர் சேர்த்தவை எவை என்று பிரித்துப் பார்த்தால்தான், ஒரு சிறுவனைப் போருக்கு அழைத்துச் சென்றவர்கள் அவனிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பது விளங்கும்.

போரின் பின்னணி

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்பது அவருடைய கட்சியின் கொள்கை. அப்போது தென் மாநிலங்களில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். பருத்திப் பண்ணைகளின் செல்வம் முழுவதும் அவர்களுடைய உழைப்பில் நின்றது. எனவே தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தனிக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. 1861 ஏப்ரல் 12 அன்று தென்படையினர் சம்டர் கோட்டையைத் தாக்கியதும் போர் தொடங்கியது. மூன்று நாள் கழித்து லிங்கன் 75,000 தன்னார்வ வீரர்களைக் கேட்டார். அவர்களுக்குக் குறிக்கப்பட்ட பணிக்காலம் வெறும் மூன்று மாதம். போரோ நான்கு ஆண்டுகள் நீடித்து, ஆறு லட்சத்திற்கும் அதிகமான வீரர்களின் உயிரைக் குடித்த பிறகே ஓய்ந்தது.

சீக்கிரம் முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய அந்த முதல் வாரங்களில், ஊருக்கு ஊர் கொடி, இசை, ஊர்வலம், பேச்சு என்று திருவிழாபோல் இருந்தது. சிறுவர்களின் கண்ணில் பட்டது அந்தத் திருவிழாதான்.

முரசின் வேலை

இன்றைய வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம். துப்பாக்கியும் பீரங்கியும் முழங்கும் இடத்தில் முரசுக்கு என்ன வேலை? அதை ஏன் ஒரு சிறுவனிடம் கொடுக்க வேண்டும்?

ஒலிபெருக்கியோ வானொலியோ இல்லாத காலம் அது. ஒரு ரெஜிமென்ட் என்பது பத்துக் கம்பெனிகள் கொண்டது. கம்பெனிக்கு ஏறத்தாழ நூறு பேர். ஆயிரம் பேரின் காதில் ஒரே நேரத்தில் ஒரு கட்டளை விழ வேண்டுமென்றால் மனிதக் குரல் போதாது. எனவே கம்பெனிக்கு இரண்டு இசைஞர்கள் வீதம் வைத்திருந்தார்கள். பொதுவாக ஒருவர் முரசடிப்பார். மற்றவர் சிறு குழல் ஊதுவார்.

படைமுகாமின் ஒரு நாள் முழுவதும் முரசின் தாளத்தில்தான் நகர்ந்தது. விடியலில் துயில் எழுப்பும் தாளம், உணவுக்கு ஒரு தாளம், நோயாளிகள் மருத்துவரிடம் போக ஒரு தாளம், பயிற்சிக்கு ஒன்று, இரவில் விளக்கணைக்க ஒன்று. எதிரி திடீரென்று வந்துவிட்டால் இடைவிடாத நீண்ட உருட்டல் ஒலிக்கும். அதைக் கேட்டதும் வீரர்கள் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஆயுதத்தை எடுத்துக்கொண்டு அணியில் நிற்க வேண்டும். இறந்தவரைப் புதைக்கச் செல்லும்போது ஒலியை மட்டுப்படுத்திய முரசு முன்னே போகும். குற்றம் செய்தவனை மானபங்கப்படுத்தி முகாமை விட்டு விரட்டுவதற்கும் தனித்தாளம் உண்டு.

அணிவகுப்பின் வேகமும் முரசின் கையில்தான். அக்காலப் போர்ப் பயிற்சி நூல்களின்படி சாதாரண நடைக்கு நிமிடத்திற்கு 90 அடி வைக்க வேண்டும். விரைவு நடைக்கு 110. ஓட்ட நடைக்கு 165. சாதாரண நடையிலும் விரைவு நடையிலும் ஓர் அடியின் நீளம் 28 அங்குலம். ஆயிரம் பேரை இந்தக் கணக்குப் பிசகாமல் நடக்க வைத்தது முரசுதான்.

முரசு மரத்தால் ஆனது. இருபுறமும் தோல் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டி, விறைப்பைக் கூட்டியும் குறைத்தும் கொள்வார்கள். அடிப்பக்கத் தோலின் மீது நரம்புகள் ஓடும்; தட்டினால் அதிர்ந்து சடசடக்கும். நம் தவிலைப் போலத் தோளிலிருந்து வார் போட்டு மாட்டிக்கொள்வார்கள். வளராத சிறுவன் மாட்டினால் நடக்கும்போது முழங்காலில் இடிக்கும்.

துப்பாக்கி ஏந்தும் வீரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது வடபடையின் பொது விதி. இசைஞர்களுக்கு அந்த விதி தளர்ந்திருந்தது. பெற்றோர் ஒப்புதல் இருந்தால் இளையவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். முரசைச் சிறுவனிடம் கொடுத்தால் வளர்ந்தவர் ஒருவர் துப்பாக்கி ஏந்தக் கிடைப்பார் என்பது இதில் அடங்கிய எளிய கணக்கு. சிறுவன் போரிடப் போவதில்லை, முரசு மட்டும்தானே அடிக்கப் போகிறான் என்று பெற்றோரும் அதிகாரிகளும் மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் இது உதவியது.

களத்தில் நிலைமை வேறாக இருந்தது. சண்டை தொடங்கிப் பீரங்கிகள் முழங்கியதும் முரசொலி பெரும்பாலும் எடுபடாது. அப்போது முரசை ஓரமாக வைத்துவிட்டு, அடிபட்டவர்களைத் தூக்கும் படுக்கையைப் பிடிக்கச் சிறுவர்களை அனுப்புவார்கள். தண்ணீர் சுமப்பது, அறுவை மேசையருகே நின்று மருத்துவருக்கு உதவுவது, வெட்டியெடுத்த கைகால்களை அப்புறப்படுத்துவது, குழி தோண்டுவது ஆகிய வேலைகளும் அவர்கள் தலையில் விழுந்தன. போரின் கொடுமை முழுவதையும் மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் இந்தச் சிறுவர்கள்தாம். வெளியான படங்களில் இதற்கு இடமில்லை. அவற்றில் முரசும் கொடியும் மட்டுமே உண்டு.

நியூவார்க்கிலிருந்து ஓடிய சிறுவன்

ஒஹாயோ மாநிலத்தின் நியூவார்க் என்ற ஊரில் 1851 ஆகஸ்ட் 13 அன்று ஜான் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் ஜான் ஜோசப் கிளெம். பின்னாளில் லிங்கன் மீது கொண்ட பற்றினால் ‘ஜோசப்’ என்பதை நீக்கிவிட்டு ‘லிங்கன்’ என்று சேர்த்துக்கொண்டான்.

அவனுடைய தாய் ரயில் விபத்தில் இறந்துபோனார். 1861 மே மாதத்தில், பத்து வயதுகூட நிரம்பாத நிலையில், ஜான் வீட்டை விட்டு ஓடினான். தாயில்லாத வீடும் தெருவில் கேட்ட முரசொலியும் சேர்ந்து அவனை வெளியே இழுத்தன என்று கொள்வது பொருத்தமாகவே படுகிறது.

முதலில் ஒஹாயோ 3ஆம் காலாட்படையில் சேர முயன்றான். வயதும் போதவில்லை, உருவமும் மிகச் சிறியது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து மிச்சிகன் 22ஆம் காலாட்படையிடம் போனான். அவர்களும் மறுத்தார்கள். ஆனால் இம்முறை அவன் போகவில்லை. படையின் பின்னாலேயே நடந்தான். விரட்ட விரட்ட வந்துகொண்டிருந்த சிறுவனை வீரர்கள் கடைசியில் தங்களில் ஒருவனாக ஏற்றுக்கொண்டார்கள். அவன் அளவுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். ஒரு முரசும் கையில் வந்தது. பட்டியலில் பெயர் இல்லாததால் அரசிடமிருந்து சம்பளம் வராது. எனவே அதிகாரிகள் தங்கள் பையிலிருந்து பணம் போட்டு, சாதாரண வீரனுக்குரிய மாதம் 13 டாலரை அவனுக்குக் கொடுத்து வந்தார்கள்.

அன்பினால்தான் அவர்கள் இதைச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. அந்த அன்பு அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். 1863 மே 1 அன்று அவன் பெயர் முறைப்படி படைப் பட்டியலில் ஏறியது. அப்போது அவனுக்கு 11 வயது 8 மாதம்.

முகாம் வாழ்க்கையில் குண்டைவிட நோய்தான் பெரிய பகை. அந்தப் போரில் களத்தில் பட்ட அடியால் இறந்த ஒருவருக்கு, நோயால் இறந்தவர் இருவர் என்ற கணக்கில் சாவுகள் நேர்ந்தன. மிச்சிகன் 22ஆம் படையின் முதல் தலைவரான கர்னல் மோசஸ் விஸ்னர், மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். அவரே பெரிய போர் எதையும் காணும் முன், 1863 ஜனவரியில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். மாநில ஆளுநராக இருந்தவருக்கே இந்த நிலை என்றால் முகாமில் மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஷைலோ கதையும் அதன் சிக்கலும்

1862 ஏப்ரல் 6, 7 தேதிகளில் டென்னசி மாநிலத்தில் ஷைலோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் ஏறத்தாழ 24,000 பேர். அங்கே ஒரு பீரங்கிக் குண்டு ஜானின் முரசைச் சிதறடித்தது என்றும், அவன் உயிர் தப்பினான் என்றும், அதுமுதல் ‘ஜானி ஷைலோ’ என்று அழைக்கப்பட்டான் என்றும் கதை சொல்லப்படுகிறது. பல நூல்கள் இன்றும் இதை அப்படியே எழுதுகின்றன.

வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் நின்று தேதியைப் பார்க்க வேண்டும். மிச்சிகன் 22ஆம் படை அமைக்கப்பட்டு பணியில் ஏற்கப்பட்டது 1862 ஆகஸ்ட் இறுதியில். ஷைலோ போர் நடந்ததோ ஏப்ரலில். அதாவது போர் முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் அந்தப் படையே பிறந்தது. பிறக்காத படையின் முரசு எப்படி உடைந்திருக்கும்?

அப்போது அவன் வேறு படையோடு இருந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அவன் முதலில் அணுகிய ஒஹாயோ 3ஆம் படையும் ஷைலோவில் போரிடவில்லை. அது ஜெனரல் மிச்செலின் பிரிவோடு தெற்கே அலபாமாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? ‘ஷைலோவின் முரசுச் சிறுவன்’ என்ற பாடல் அந்தக் காலத்தில் நாடெங்கும் பாடப்பட்டது. இயற்றியவர் வில் ஹேஸ். வீட்டுக்கு வீடு பியானோவில் வாசிக்கப்பட்ட உருக்கமான பாடல் அது. இதில் ஒரு வேடிக்கை: பாடலில் வரும் சிறுவன் களத்தில் இறந்துவிடுகிறான். ஜானோ 85 வயதுவரை வாழ்ந்தார். மக்களின் மனத்தில் ஏற்கெனவே ஒரு முரசுச் சிறுவன் குடியிருந்தான். செய்தித்தாளில் உண்மையான சிறுவன் ஒருவன் தென்பட்டதும் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள் என்று கருதுவதே நியாயம்.

சிக்கமாகா

ஜான் உறுதியாகப் பங்கேற்ற பெரிய போர் சிக்கமாகா. ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கு எல்லையில் ஓடும் ஓர் ஓடையின் பெயர் அது. 1863 செப்டம்பர் 19, 20 தேதிகளில் அங்கே நடந்த போரில் இரு தரப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 34,000 பேர் இழப்பு ஏற்பட்டது. அந்த உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க்கிற்கு அடுத்தபடியாக மிகுதியான இழப்பு நேர்ந்த போர் இதுதான். மிச்சிகன் 22ஆம் படை தன் முதல் பெரும்போரை இங்கேதான் கண்டது.

இரண்டாம் நாள் நண்பகலில் வடபடைத் தலைமை பிழையான ஒரு கட்டளையை அனுப்பியது. அதனால் ஒரு பிரிவு தன் இடத்தை விட்டு நகர, அணியில் பெரிய இடைவெளி விழுந்தது. சரியாக அந்த இடத்தில் ஜெனரல் லாங்ஸ்ட்ரீட்டின் தென்படை புகுந்தது. வடபடையின் ஒரு பகுதி சிதறி ஓடியது. தளபதி ரோஸ்கிரான்ஸும் சட்டனூகா நகரை நோக்கிப் பின்வாங்கினார். ஜெனரல் ஜார்ஜ் தாமஸ் மட்டும் ஒரு குன்றுத் தொடரில் ஊன்றி நின்று, மீதிப்படை தப்பிச் செல்ல வழி செய்தார். ‘சிக்கமாகாவின் பாறை’ என்ற பட்டம் அவருக்கு அன்று கிடைத்தது.

தாமஸுக்கு உதவியாக விரைந்த துணைப்படையில்தான் மிச்சிகன் 22ஆம் ரெஜிமென்ட்டும் இருந்தது. பிற்பகல் முழுவதும் அந்தக் குன்றில் அது போரிட்டது. தோட்டா தீர்ந்துபோனது. இருட்டும் வேளையில் சூழப்பட்டு, எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள்.

ஜான் அன்று முரசை விட்டுவிட்டு, பீரங்கி வண்டி ஒன்றில் ஏறிக் களத்திற்குப் போனதாகச் சொல்லப்படுகிறது. அவன் உயரத்திற்கு ஏற்ப நீளம் குறைத்து அறுத்த துப்பாக்கி அவன் கையில் இருந்தது. படை பின்வாங்கும்போது குதிரைமேல் வந்த தென்படைக் கர்னல் ஒருவர் அவனைப் பார்த்துச் சரணடையும்படி அதட்டினார். சிறுவன் துப்பாக்கியை உயர்த்திச் சுட்டான். கர்னல் விழுந்தார்.

அவர் இறந்தார் என்று சிலர் எழுதினார்கள். காயத்தோடு பிழைத்தார் என்று சிலர் எழுதினார்கள். பெரும்பாலான விவரிப்புகளில் அந்தக் கர்னலுக்குப் பெயர் இல்லை. குழப்பம் மிகுந்த அந்த மாலையில் யாரும் நிதானமாக நின்று பார்த்திருக்க முடியாது. ஆகவே கதையின் ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் சிக்கமாகாவை ஷைலோவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. இங்கே படையும் இருந்தது. படைப் பட்டியலில் பையனின் பெயரும் இருந்தது. படையின் பெரும்பகுதி அகப்பட்ட இடத்திலிருந்து அவன் தப்பி வந்ததும், அதன்பின் சார்ஜன்ட் ஆக்கப்பட்டதும் பதிவான உண்மைகள். அமெரிக்கப் படையில் அந்த அளவு இளவயதில் சார்ஜன்ட் ஆனவர் வேறு யாரும் இல்லை.

வடக்கில் அந்த வாரங்களில் தோல்விச் செய்திதான் எங்கும். அந்தத் தோல்வியில் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது; 12 வயதுச் சிறுவன் கிடைத்தான். செய்தித்தாள்கள் அவனைக் கொண்டாடின. சார்ஜன்ட் பட்டை தைத்த சீருடையில் அவனை நிற்க வைத்து எடுத்த புகைப்படங்கள் சிறு அட்டைகளாகப் பரவின. அவற்றில் சில இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உருண்டை முகம், இறுகிய வாய், நேரே பார்க்கும் கண்கள். ஒரு மனிதரைச் சுட்ட குழந்தையின் மனத்தில் என்ன இருந்தது என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை. அன்றைய செய்தித்தாள்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை.

எதிரியின் கையில்

அடுத்த மாதமே, 1863 அக்டோபரில், ரயில் ஒன்றுக்குக் காவலாகச் சென்றபோது தென்படையின் குதிரைப்படையினரிடம் ஜான் அகப்பட்டான். அவர்கள் அவனுடைய சீருடையைப் பறித்துக்கொண்டார்கள். மூன்று குண்டுத் துளைகள் விழுந்த தொப்பியும் அதோடு போயிற்று. சிறைப்பட்டதைவிட அந்தத் தொப்பி போனதுதான் அவனுக்குப் பெரிய வருத்தமாக இருந்ததாம். அது ஒரு குழந்தையின் வருத்தம்.

தென்னகச் செய்தித்தாள்களும் அவனை விடவில்லை. சண்டைக்கு அனுப்ப ஆளில்லாமல் வடவர்கள் தங்கள் குழந்தைகளை அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதிக் கேலி செய்தன. வடக்கில் வீரத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அதே சிறுவன் தெற்கில் வடக்கின் இயலாமைக்குச் சான்றானான். தென்படையிலும் சிறுவர்கள் இருந்தார்கள் என்பதை அந்தப் பத்திரிகைகள் வசதியாக மறந்துவிட்டன.

சிறிது காலத்தில் கைதிகள் பரிமாற்றத்தில் ஜான் விடுவிக்கப்பட்டான். பின்னர் ஜெனரல் தாமஸிடம் குதிரையில் செய்தி கொண்டு செல்லும் ஏவலராகப் பணியாற்றினான். போர்க்காலத்தில் இரண்டு முறை காயமடைந்தான். 1864 செப்டம்பர் 19 அன்று, சிக்கமாகா போர் தொடங்கிய நாளிலிருந்து சரியாக ஓராண்டில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டான். வயது 13. அதே 1864ஆம் ஆண்டில்தான் 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் படையில் சேர்க்கும் அதிகாரிகளைத் தண்டிக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்குள் போர் மூன்று ஆண்டுகளைக் கடந்திருந்தது.

வேறு மூன்று சிறுவர்கள்

ஜானின் கதையை மட்டும் படிப்பவர்கள், முரசுச் சிறுவர்கள் எல்லோரும் புகழோடு திரும்பினார்கள் என்று நினைத்துவிடக்கூடும்.

வில்லி ஜான்ஸ்டன் வெர்மான்ட் 3ஆம் படையின் முரசுச் சிறுவன். 1862 கோடையில் ரிச்மண்ட் அருகே ஏழு நாள் போர்களில் வடபடை பின்வாங்கியபோது, வளர்ந்தவர்களே துப்பாக்கியையும் மூட்டையையும் எறிந்துவிட்டு ஓடினார்கள். அந்த டிவிஷனில் முரசைக் கைவிடாமல் கொண்டுவந்தவன் இவன் மட்டுமே. அப்போது அவனுக்கு 11 வயது. நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் மறு ஆண்டு அவனுக்கு வழங்கப்பட்டது. அந்தப் பதக்கத்தை இவ்வளவு சிறு வயதில் பெற்றவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

ஓரியன் ஹவ் இல்லினாய்ஸ் 55ஆம் படையைச் சேர்ந்தவன். 1863 மே 19 அன்று விக்ஸ்பர்க் போரில், காலில் குண்டு பாய்ந்த நிலையிலும் ஜெனரல் ஷெர்மனிடம் ஓடிச் சென்று தன் படைக்குத் தோட்டா தேவை என்ற செய்தியைச் சொன்னான். வயது 14. அவனுக்கும் பதக்கம் கிடைத்தது, 1896இல்.

மூன்றாமவன் சார்லஸ் கிங். பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் ஊர்க்காரன். 12 வயதில் பென்சில்வேனியா 49ஆம் படையில் முரசடிக்கச் சேர்ந்தான். 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போரில் உடலில் குண்டு பாய்ந்தது. மூன்று நாள் கழித்து இறந்தான். அப்போது அவனுக்கு 13 வயது. அந்தப் போரில் களத்தில் பட்ட காயத்தால் இறந்தவர்களில் மிக இளையவன் இவன் என்று கருதப்படுகிறது. முரசுச் சிறுவன் சண்டையிடுவதில்லை, பின்னணியில் பத்திரமாக இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் அவனைப் போன்றவர்களைப் பெற்றோர் அனுப்பினார்கள். ஆன்டீட்டத்தில் பீரங்கிக் குண்டுகள் பின்னணியையும் எட்டின.

போருக்குப் பிந்தைய வாழ்க்கை

போர் முடிந்து ஊர் திரும்பிய சார்ஜன்ட் ஜான், பள்ளிக்கூடம் சென்றான். 1870இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவனை இனி ‘அவர்’ என்றே எழுதும் வயது வந்திருந்தது. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர விரும்பினார். குடியரசுத் தலைவர் யுலிசஸ் கிராண்டே அவரைப் பரிந்துரைத்தார். ஆனால் நுழைவுத் தேர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோற்றார்.

இந்தத் தோல்வியைப் பல நூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மற்றப் பிள்ளைகள் பெருக்கலும் வகுத்தலும் இலக்கணமும் பயின்ற ஆண்டுகளை அவர் முகாமில் கழித்திருந்தார். போர் அவருக்கு சார்ஜன்ட் பட்டையைக் கொடுத்தது. தேர்வு எழுதத் தேவையான அடிப்படைக் கல்வியை எடுத்துக்கொண்டது. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் போரில் இருந்ததுதான் தம் குறை என்று அவரே கிராண்டிடம் முறையிட்டதாகச் சொல்வார்கள். கிராண்ட் தேர்வை ஒதுக்கி வைத்துவிட்டு, 1871 டிசம்பரில் அவரை நேரடியாக இரண்டாம் லெப்டினன்டாக நியமித்தார்.

நியமனம் 24ஆம் காலாட்படையில். போருக்குப் பிறகு கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட படைகளில் ஒன்று அது, அதிகாரிகள் வெள்ளையர். அடிமை முறை காரணமாக எழுந்த போரில் முரசடித்த சிறுவன், அந்த முறையிலிருந்து விடுபட்ட மக்களின் பிள்ளைகளோடு பணியாற்றும் அதிகாரி ஆனார்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் பரபரப்பு இல்லை. 1882இல் கேப்டனாகித் தளவாட வழங்கல் துறைக்கு மாறினார். வீரர்களுக்குத் துணி, கூடாரம், வண்டி, குதிரைத் தீவனம் ஆகியவை உரிய நேரத்தில் உரிய இடம் சேரும்படி பார்க்கும் துறை அது. 1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரையொட்டி போர்ட்டோ ரிக்கோவில் பணியாற்றினார். 1903இல் கர்னல் ஆனார். பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் தளவாடத் துறையின் தலைமைப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய முப்பது ஆண்டுத் தளவாட உழைப்பைப் பற்றி எந்தப் பாட்டும் இல்லை, படமும் இல்லை. உலகம் நினைவில் வைத்தது ஒரு மாலை நேரத்துத் துப்பாக்கிச் சூட்டை மட்டுமே.

முதல் மனைவி 1899இல் மறைந்த பிறகு 1903இல் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் மனைவியின் தந்தை தென்படையில் போரிட்டவர். அமெரிக்காவிலேயே மிகவும் ஒன்றுபட்ட குடும்பஸ்தன் தாமே என்று கிளெம் இதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

1915 ஆகஸ்ட் 13 அன்று, 64ஆம் பிறந்தநாளில், விதிப்படி ஓய்வு பெற்றார். பிரிகேடியர் ஜெனரல் பதவி அளிக்கப்பட்டது. மறு ஆண்டு ஓய்வு பெற்றோர் பட்டியலில் மேஜர் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். உள்நாட்டுப் போரில் பங்கேற்று அமெரிக்கப் படையில் அதுவரை பணியில் இருந்த கடைசி மனிதர் அவர்தான். ஐரோப்பாவில் அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விமானமும் இயந்திரத் துப்பாக்கியும் நச்சுவாயுவும் வந்துவிட்ட அந்தக் காலத்தில், முரசு ஊர்வலங்களுக்கு உரிய பொருளாகியிருந்தது.

1937 மே 13 அன்று சான் அன்டோனியோவில் காலமானார். தலைநகர் வாஷிங்டனை ஒட்டியுள்ள ஆர்லிங்டன் தேசிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் சிக்கமாகாவின் முரசுச் சிறுவன் என்று பொறிக்கப்பட்டுள்ளது. 1963இல் டிஸ்னி நிறுவனம் அவர் வாழ்க்கையைத் தழுவித் தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுத்தது. அதற்கு வைத்த பெயர் ‘ஜானி ஷைலோ’.